சர்பத் போத்தலில் இருந்த மருந்து

திருகோணமலை ஆஸ்பத்திரி வளவு,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்பு மகள் ஸல்ஹாவுக்கு உன் வாப்பாவின் ஸலாம். அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் முனீபும் தோஹாவில் நோய் நொடி இல்லாமல் இருக்க அல்லாஹ்விடம் கேட்டபடியே இருக்கிறேன். இங்கு நாங்கள் எல்லோரும் சுகம் என்று எப்போதும் அடுத்த வசனத்தை எழுதுவேன், இந்த முறை அதை எழுத எனக்கு ஏலாமல் இருக்கிறது. நீ கடிதத்தைப் பிரித்ததும் உன் கண் தேடப்போவது ஒரே ஒரு செய்தியைத்தான், அதை முதலில் சொல்லிவிடுகிறேன், உன் பிள்ளை அம்ரா உயிரோடு இருக்கிறாள், கண்ணைத் திறந்து பார்க்கிறாள், என்னை அவளுக்கு அடையாளம் தெரிகிறது. இதைப் படித்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடி மகள், பிறகு மிச்சத்தைப் படி. முனீபின் கூட்டாளி ஸைனுலாப்தீன் லீவு முடிந்து நாளைக்குக் கத்தார் திரும்புகிறான், அவன் கையில்தான் இதைக் கொடுத்துவிடுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீதான் எங்கள் போனை எடுப்பதில்லையே. முனீப் எடுக்கிறார், பிள்ளையைப் பற்றிக் கேட்கிறார், மாமா, அவ ஒருத்தரோடயும் கதைக்கிறா இல்ல, வேலைக்குப் போறா, வாறா, சுவரப் பாத்துக்கிட்டுப் படுக்கிறா என்று சொல்கிறார், உன்னிடம் போனைக் கொடுக்கச் சொன்னால் அந்தப் பக்கம் கதவு சாத்துகிற சத்தம் கேட்கிறது. கடிதத்தை அப்படிச் சாத்த ஏலாது என்றுதான் இந்த ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உனக்கு முதலில் செய்தி சொன்னது பக்கத்து வீட்டு ஜெஸ்மின் என்று எனக்குப் பிறகுதான் தெரியும். உன்ட உம்மா புள்ளைக்கு வீடு கழுவுற மருந்தக் குடிக்கக் குடுத்திட்டா என்று அவள் வொய்ஸ் அனுப்பியிருக்கிறாள். அதைக் கேட்டுவிட்டு நீ உன் உம்மாவுக்கு எடுத்துக் கத்தியதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். உன்மீது எனக்குக் கோபம் இல்லை. பெற்ற வயிறு அப்படித்தான் கத்தும், கடலுக்கு அப்பால் நின்றுகொண்டு கத்துவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும். ஆனால் நடந்தது ஜெஸ்மின் சொன்ன மாதிரி இல்லை மகள். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், எங்கள் பிழையையும் மறைக்காமல் சொல்கிறேன், படித்து முடித்த பிறகு நீயே தீர்மானி.

வெள்ளம் வந்து வடிந்த கதை உனக்குத் தெரியும். தண்ணீர் போன பிறகுதான் எங்களுக்கு உண்மையான வேலை வந்தது. குசினிச் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு, அலுமாரியின் கீழ்த்தட்டுக்குள் பாம்பு, கிணற்றில் செத்த கோழி, வீடு முழுக்க மலசலகூடத் தண்ணீரின் நாற்றம். ஊரில் பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் தொடங்கிவிட்டது. அம்ராவுக்கும் வந்துவிடுமோ என்ற பயத்தில் உன் உம்மா இரவு பகலாகக் கழுவினார். நீயும் தோஹாவிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாய், ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிறவளுக்கு இது தெரிந்த விஷயம்தானே. முதல்ல சவுக்காரத்தால கழுவி ஊத்தையப் போக்குங்க உம்மா, ஊத்தைக்கு மேல மருந்த ஊத்தினா அது வேலை செய்யாது, மருந்தப் பூசின உடன துடைக்காதீங்க, கொஞ்ச நேரம் ஈரமா விடுங்க, ஜன்னலத் திறந்து வைங்க, டொய்லட் கழுவுற அசிட்டோட மட்டும் கலந்திடாதீங்க என்று நீ சொன்னதையெல்லாம் உன் உம்மா ஒரு சொல் விடாமல் செய்தார். சேலைத் தலைப்பால் மூக்கைக் கட்டிக்கொண்டு, கையில் பொலித்தீன் பையை மாட்டிக்கொண்டு அவர் கதிரைக் கால்களைக்கூடக் கழுவியதைப் பார்த்து நான் சிரித்தேன்.

மருந்துதான் கிடைக்கவில்லை. கடைகளில் கொம்பனிப் போத்தல்கள் முடிந்துவிட்டன, லொறி வர ரோட்டு இல்லை. அப்போதுதான் சந்தையில் வாளியும் தும்புத்தடியும் விற்கிற அஷ்ரபின் கடைக்கு ஒரு நீலப் பீப்பா வந்தது. திருமலைப் பக்கம் யாரோ ஒருவர் கொட்டில் போட்டுக் கலக்கி அனுப்புவதாம். ரோஸ் நிறம், ரோசாப்பூ வாசம். வீட்டிலிருந்து போத்தல் கொண்டுபோனால் அஷ்ரப் குழாயைத் திறந்து நிரப்பிக் கொடுப்பான். இது நல்ல சாமானா தம்பி என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவன் சுவரைக் காட்டினான். அங்கே பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள், இங்கிலீஷில், ஒரு பரிசோதனைக்கூடத்தின் முத்திரையோடு. லெப் ரிப்போட் இரிக்கி காக்கா, நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது கிருமியும் சாகும் என்று சொந்த அண்ணனிடம் சொல்கிற மாதிரி எனக்கும் சொன்னான். அவன் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை, அவனுக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளை நாங்கள் எல்லோரும் பார்த்தோம், ஒருவரும் படிக்கவில்லை. உன் உம்மா போன நோன்புக்கு வாங்கிய சர்பத்தின் வெறும் போத்தலைக் கழுவிக் கொண்டுபோனார். மூடி இறுக்கமானது, கசியாது என்றுதான் அதை எடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து அலுமாரிக்கு மேலே, அம்ராவின் கை எட்டாத இடத்தில் வைத்தார், வேலை முடிந்தால் திரும்பவும் அங்கேயே வைப்பார்.

அன்று காலை அதை இறக்கிக் குசினி நிலத்துக்குப் பூசிக்கொண்டிருந்தபோது ரோட்டில் தண்ணீர் கொண்டுவரும் பவுசர் வண்டி ஹோன் அடித்தது. குடிக்கத் தண்ணீர் இல்லாத வீடு மகள், பவுசர் நிற்கிற நேரத்துக்குள் ஓடாவிட்டால் அடுத்த நாள்தான். அம்ராவைக் கதிரையில் தூக்கி இருத்தி, இறங்காதே புள்ள என்று சொல்லிவிட்டு உன் உம்மா கேனோடு ஓடினார். போத்தலை வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார். மூடியைப் போட்டாரா, போட்டது இறுகவில்லையா, அவருக்கே இன்றுவரை நினைவு இல்லை. நான் வீட்டுக்குப் பின்னால் நனைந்த நெல் மூட்டைகளை அவிழ்த்துப் பரவிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டில் நானும் இருந்தேன் என்பதை நீ மறந்துவிடாதே, பிள்ளையைப் பார்க்க அவர் ஒருவர் மட்டும் இருக்கவில்லை. ரோஸ் நிறமாக, ரோசாப்பூ வாசத்தோடு, சர்பத் படம் ஒட்டிய போத்தலில் இருப்பதைச் சின்னப் பிள்ளை வேறு என்னவென்று நினைக்கும். ஒரு மடக்குத்தான் குடித்திருப்பாள் என்று டொக்டர் சொல்கிறார். அவள் கத்திய கத்தல் இப்போதும் என் காதில் இருக்கிறது. அதைத் திரும்பத் திரும்பச் சொல்லி உன்னை வதைக்க மாட்டேன்.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி. நான் ஓடி வருவதற்குள் உன் உம்மா வந்துவிட்டார். அவர் கத்தவில்லை, தலையில் அடித்துக்கொள்ளவில்லை. ஈரத்துணியால் பிள்ளையின் உதட்டையும் நாக்கையும் துடைத்தார், வாயில் தண்ணீர் விட்டுத் துப்பவைத்தார், மருந்து பட்ட சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் கழுத்தையும் நெஞ்சையும் கழுவினார். சத்தம் கேட்டு ஜெஸ்மின், பிள்ளையை வாந்தி எடுக்க வைக்க உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஓடி வந்தாள், கெதியாக் குடுங்க, சத்தி எடுக்க வைப்பம் என்று பிள்ளையின் வாயில் கோப்பையை வைக்கப் போனாள். உன் உம்மா அந்தக் கோப்பையைத் தட்டிவிட்ட வேகத்தில் அது சுவரில் பட்டு உடைந்தது. வேணாம், உள்ள சுட்டுக்கிட்டுப் போனது திரும்பி வந்தா திரும்பவும் சுடும், ஸல்ஹா சொல்லிரிக்கா என்று சொன்னார். நீ எப்போது சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. உங்கள் ஆஸ்பத்திரியில் வகுப்பு வைத்துச் சொல்லிக் கொடுத்ததாம், நீ ஒருநாள் போனில் அதைக் கதையோடு கதையாகச் சொன்னாயாம், நீ சொல்கிற எதையும் அவர் ஒரு காதால் வாங்கி மறு காதால் விடுகிறவர் இல்லை. அப்படித் தட்டிவிட்டதில்தான் ஜெஸ்மினுக்கு மனவருத்தம், அந்த வருத்தத்தோடுதான் உனக்கு வொய்ஸ் அனுப்பியிருக்கிறாள். அவளையும் நான் குறை சொல்லவில்லை, அவளும் பிள்ளையைக் காப்பாற்றத்தான் ஓடி வந்தாள். ஆனால் டொக்டர் பிரசாந்தினி, இங்கே அம்ராவைப் பார்க்கிறவர், என்னிடம் நேருக்கு நேர் சொன்னார், சத்தி எடுக்க வைச்சிருந்தா இந்தப் பிள்ளைய நீங்கள் இங்க கொண்டுவந்திருக்க மாட்டீங்கள் ஐயா என்று. அது உன் உம்மா செய்தது. உன் சொல்லைக் கேட்டுச் செய்தது.

எங்கள் தோப்பூர் ஆஸ்பத்திரியிலிருந்து மூதூருக்கும் மூதூரிலிருந்து அம்புலன்சில் இந்தத் திருமலை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்தார்கள். ரோட்டை வெள்ளம் அறுத்த இடங்களில் அம்புலன்ஸ் நடை வேகத்தில்தான் வந்தது. பிள்ளைக்கு உதடு வீங்கி, எச்சில் விழுங்க ஏலாமல் வழிந்துகொண்டே இருந்தது, மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம். இங்கே வந்ததும் டொக்டர் கேட்ட முதல் கேள்வி, என்ன குடிச்சது, போத்தலைக் கொண்டுவந்தீங்களா. போத்தல் இல்லை மகள். நான்தான் ஆத்திரத்தில் அதை எடுத்துக் கிணற்றடியில் ஊற்றிக் கழுவி, இன்னொரு பிள்ளையின் கையில் படக்கூடாதென்று கல்லில் அடித்து நொறுக்கிவிட்டு வந்தேன். அதைச் சொன்னதும் டொக்டர் கண்ணை மூடித் திறந்தார். ஒரு துளி இருந்தாலும் எனக்குப் போதும் ஐயா, அமிலமா, காரமா, வேற ஏதாவதா எண்டு தெரியாம நான் எவ்வளவு தூரம் போறது, குழாய் விடுறதா, எப்ப விடுறது, எல்லாம் அதிலதான் இருக்கு என்றார். அப்போதுதான் அஷ்ரபின் சுவரில் இருந்த அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. லெப் ரிப்போட் இருக்கு டொக்டர், நான் கொண்டுவாறன் என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

ரோட்டால் போனால் நேரமாகும் என்று இறங்குதுறைக்குப் போய் மூதூர்ப் படகில் ஏறினேன். கடல் நல்லா இல்லை, துறைமுகத்து வாயைத் தாண்டியதும் படகு தூக்கித் தூக்கி அடித்தது, சனம் கலிமா சொன்னது, எனக்கு எந்தப் பயமும் வரவில்லை, அவ்வளவுக்கு மனம் மரத்துப்போயிருந்தது. தோப்பூரில் கடை பூட்டிக் கிடந்தது. அஷ்ரபின் வீட்டுக்குப் போனேன். அவன் பொண்டாட்டி கதவைத் திறக்காமலே அவர் ஊர்ல இல்ல என்றாள். நான் வாசலிலேயே உட்கார்ந்து, அஷ்ரப், நான் அடிக்க வரல்ல, அந்தத் தாளத் தா, என்ட பேத்திக்கு டொக்டர் கேக்குறார் என்று கத்தினேன். கொஞ்ச நேரத்தில் அவன் வெளியே வந்தான், முகத்தில் இரத்தமே இல்லை. கடையைத் திறந்து தாளைக் கழற்றித் தந்தான். பீப்பா எங்கே என்று கேட்டேன், முடிஞ்சி காக்கா, எல்லாம் வித்துப்போச்சி என்றான், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. சண்டை பிடிக்க நேரமில்லை. கடல் தண்ணீர் படக்கூடாதென்று அந்தத் தாளைச் சட்டைக்குள், நெஞ்சோடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்தேன். அம்ராவின் உயிரே அதில் எழுதியிருக்கிறது என்ற நினைப்பில் வழி முழுக்க அதைத் தடவிக்கொண்டே வந்தேன்.

டொக்டர் அதை வாங்கி வாசித்தார். வாசிக்க வாசிக்க அவர் முகம் மாறியது. என்னை உட்காரச் சொன்னார். ஐயா, இது வேற சாமானுக்கு எடுத்த ரிப்போட் என்றார். எனக்கு விளங்கவில்லை. விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினார். மேலே எழுதியிருக்கிற பெயர் வேறு ஒரு பெயர். திகதி பழையது, வெள்ளத்துக்கு மிகவும் முந்தியது. லெப்புக்குக் கொடுத்த மாதிரி எப்படி இருந்தது என்று எழுதுகிற இடத்தில், நிறமில்லாத தெளிந்த திரவம் என்று இருந்தது. உங்கட பேத்தி குடிச்சது ரோஸ் நிறம் எண்டுதானே சொன்னீங்கள் என்று கேட்டார். கீழே, எந்தக் கிருமியை எத்தனை நேரம் அதற்குள் வைத்தபோது எவ்வளவு செத்தது என்று கணக்கு, அதுவும் தண்ணீர் கலக்காமல் வைத்துப் பார்த்தது. உள்ளே என்ன சரக்குப் போட்டிருக்கிறது என்று ஒரு எழுத்துகூட இல்லை. எல்லாவற்றுக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி, இந்த முடிவு எங்களிடம் தந்த இந்த மாதிரிக்கு மட்டும்தான் பொருந்தும் என்று. அந்த லெப்பின் நம்பரும் இருந்தது, டொக்டர் உடனே எடுத்துக் கேட்டார், அவர்களும் அதையேதான் சொன்னார்கள், ரோஸ் நிறத்தில் ஒன்று அவர்களிடம் வரவே இல்லையாம். லெப்பில் பிழை இல்லை, தாளும் போலித் தாள் இல்லை, ஆனால் யாரோ அதை எடுத்து வேறொரு பீப்பாவுக்கு மேலே மாட்டிவிட்டார்கள். கடலைக் கடந்து நெஞ்சில் சுமந்து வந்த தாளில் என் பேத்திக்கு ஒன்றும் இருக்கவில்லை மகள். நான் அந்த இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நீ என்னை அழப் பார்த்திருக்க மாட்டாய், சண்டைக் காலத்தில் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியபோதுகூட நான் அழவில்லை.

வேறு வழி தெரியாமல் அஷ்ரபுக்குப் போன் எடுத்தேன். தம்பி, அந்தத் தாள் வேற என்னத்துக்கோ எடுத்ததாம், புள்ளைக்குத் தொண்டை மூடிக்கிட்டு வருது, பீப்பாவுல அடியில ஒரு துளி எண்டாலும் இரிக்கா, அல்லாஹ்வுக்காகச் சொல்லு என்று கேட்டேன். அவன் பக்கத்தில் லைன் அறுந்தது. அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். உன் உம்மாவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் வார்ட்டுக்குப் போகாமலே வளவுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன். டொக்டர் தன்னால் ஏலுமானதைச் செய்துகொண்டுதான் இருந்தார், வாயால் ஒன்றும் கொடுக்கவில்லை, மூச்சுக்கு ஒட்சிசன் வைத்து, சேலைன் ஏற்றி, தொண்டை வீக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அடுத்த நாள் காலையில் முதல் படகில் அஷ்ரப் வந்து இறங்கினான். பீப்பா முடிந்துவிட்டது என்று சொன்னது பொய், அவன் மச்சான்மார் அதை வைக்கோல் போருக்குள் மறைத்துவிட்டு, கொண்டுபோய் ஆத்தில ஊத்து, இல்லாட்டிக் கேஸ் உன்ட தலையிலதான் வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். அவன் ஊற்றாமல் அடியில் இருந்ததைக் கண்ணாடிப் போத்தலில் எடுத்து, பொலித்தீனால் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறான். என்னைக் கண்டதும், காக்கா, நான் வித்ததுதானே, நானே கொண்டுவாறன் எண்டு வந்தனான் என்றான். போத்தலை நேரே டொக்டரிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். டொக்டர் அதில், அமிலமா காரமா என்று காட்டுகிற ஒரு சின்னக் கடதாசித் துண்டை நனைத்தார், அது கறுப்பாகிவிட்டதோ என்று நினைக்கும் அளவுக்குக் கடும் நீலமாகியது. கடுங்காரம், காஸ்டிக் சோடா கலந்திருக்கு, கையில பட்டாலே தோல் உரியும் என்றார். அதன் பிறகுதான் அவர் மயக்கம் கொடுக்கிற டொக்டரையும் கமரா விட்டுப் பார்க்கிற டொக்டரையும் சேர்த்துக்கொண்டு பிள்ளையை உள்ளே கொண்டுபோனார். வெளியே உன் உம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், அஷ்ரப் கதவோரத்தில். அவன் மூன்று பேருக்கும் தேத்தண்ணி வாங்கி வந்தான், ஒருவரும் குடிக்கவில்லை. தொண்டையிலும் சாப்பாட்டுக் குழாயின் மேல்பக்கத்திலும் வெந்திருக்கிறது, ஓட்டை விழவில்லை என்று டொக்டர் வெளியே வந்து சொன்னார், அல்ஹம்துலில்லாஹ் என்று நாங்கள் சொன்னோம். மூக்கால் குழாய் விட்டிருக்கிறார்கள், அதால்தான் பால் போகிறது. அஷ்ரப் அன்றைக்கே மிச்சத்தையும் எடுத்துக்கொண்டு சுகாதாரப் பரிசோதகர் பி.எச்.ஐ. சேரிடம் போய்த் தானே எல்லாவற்றையும் சொன்னான். கொட்டிலைப் பூட்டிவிட்டார்கள், பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்து ஊரில் வாங்கிய எல்லோரிடமும் திருப்பி எடுத்தார்கள். அவன்மேல் வழக்கு வரும் என்கிறார்கள். அவனை வெறுக்கத்தான் பார்த்தேன், ஏலவில்லை.

மகள், ஒளிக்காமல் சொல்கிறேன், இன்னும் முடியவில்லை. புண் ஆறும்போது குழாய் சுருங்கலாமாம், அப்படிச் சுருங்கினால் கொழும்புக்குக் கொண்டுபோய்த் திரும்பத் திரும்ப அகட்ட வேண்டி வருமாம், சில வேளை சுருங்காமலும் போகலாமாம். சில வாரங்கள் போனால்தான் தெரியும் என்கிறார் டொக்டர். அந்த வாரங்களை நான் எப்படிக் கடப்பேன் என்று தெரியவில்லை. குசினி வாசலில் நின்று போனில் கத்தார் ராணி என்று உன்னை அவள் கூப்பிடுவாளே, அந்தக் குரல் இன்னும் வரவில்லை. தொழுகையில் ஸஜ்தாவுக்குப் போனால் எழும்ப மனம் வருவதில்லை.

டொக்டர் எனக்குச் சொன்ன சிலதை உனக்கும் எழுதுகிறேன், உனக்குத் தெரிந்ததாகத்தான் இருக்கும், ஆனாலும் வாப்பா சொல்கிறேன். எந்தக் கிருமி மருந்தையும் அது வந்த போத்தலைத் தவிர வேறொன்றில் ஊற்றி வைக்காதே, குடிக்கிற சாமானின் போத்தலில் ஒருநாளும் வேண்டாம். ரிப்போட் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அது எதற்கு எடுத்த ரிப்போட் என்று பார், பெயரும் தொகுதி இலக்கமும் உன் கையில் இருக்கிற போத்தலோடு பொருந்துகிறதா, எப்போது எடுத்தது, எவ்வளவு தண்ணீர் கலந்து எவ்வளவு நேரம் வைத்துப் பார்த்தது, நீ அப்படித்தான் பாவிக்கிறாயா என்று பார். கிருமியைக் கொல்லும் என்று எழுதியிருந்தால் மனிதனுக்கு ஒன்றும் செய்யாது என்று அர்த்தம் இல்லை. நீ நாள் முழுக்க அந்தச் சாமான்களுக்குள்தான் நிற்கிறாய், கையுறை கிழிந்தால் மாற்று, கிழிந்ததோடு வேலை செய்யாதே, இப்போது மனம் ஒரு இடத்தில் இல்லாமல் நிற்பாய், அதனால்தான் எனக்கு அதுவும் பயமாக இருக்கிறது.

இனி எதற்காக இந்தக் கடிதத்தை எழுதத் தொடங்கினேனோ அதைச் சொல்கிறேன். அன்றைக்குப் போனில் நீ, இனி என்ட புள்ளையில கை வைக்காதீங்க என்று உன் உம்மாவிடம் சொன்னாய். கோபத்தில் சொன்னது, நீ மறந்தும் இருப்பாய். உன் உம்மா மறக்கவில்லை. சிறுவர் வார்ட்டில் பிள்ளையோடு ஒரு பெண் நிற்க விடுகிறார்கள், அவர்தான் நிற்கிறார், கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருக்கிறார், ஓதுகிறார், ஈயை விரட்டுகிறார், ஆனால் நீ சொன்ன அந்த நேரத்திலிருந்து பிள்ளையைத் தொடவில்லை. உடுப்பு மாற்றுவதும் துடைப்பதும் எல்லாம் தாதிமார்தான். ஏன் உம்மா நீங்க தூக்குறீங்க இல்ல, அவ உங்களத்தானே தேடுறா என்று ஒரு தாதி கேட்டதற்கு, தாய் வேணாமெண்டு சொல்லிட்டா என்று மட்டும் சொன்னாராம். நான் சொல்லியும் கேட்கவில்லை. அது அவட புள்ள, அவட சொல்ல மீற எனக்கு உரிமை இல்ல என்கிறார்.

இன்று காலையில் தாதி ஒரு தேக்கரண்டியில் தண்ணீர் கொடுத்துப் பார்த்தார். பிள்ளை இருமினாள், பிறகு விழுங்கினாள். தொண்டை அசைந்து இறங்கியதை நான் கண்ணால் கண்டேன் மகள். விழுங்கிய நோவில் அழுதாள், அழுகையில் சத்தம் வந்தது, கரகரத்த சின்னச் சத்தம். அழுதுகொண்டே, ஊசி குத்தியிருக்கிற கையையும் சேர்த்து இரண்டு கையையும் உம்மும்மாவைப் பார்த்து நீட்டினாள். உன் உம்மா எழும்பினார். ஒரு அடி முன்னுக்கு வைத்தார். பிறகு தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிள்ளை நீட்டிய கையை மடக்கவில்லை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஏலாமல்தான் வெளியே வந்து இந்த வாங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பார்வையாளர் நேரம் பின்னேரம், இங்குள்ள அஸருக்குப் பிறகு. நாளையிலிருந்து ஒவ்வொரு நாளும் அந்த நேரம் நான் போனோடு கட்டில் பக்கத்தில் நிற்பேன். நீ உம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவரை மன்னித்துவிட்டேன் என்றும் சொல்ல வேண்டாம், அதெல்லாம் நீ ஊருக்கு வந்து முகத்தைப் பார்த்துச் செய்ய வேண்டிய கதை. நீ போன் எடுத்து, புள்ளையத் தூக்குங்க உம்மா என்று மட்டும் சொல். உன் வாயால் அதைக் கேட்டால் போதும், போனை நான் அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொள்வேன், ஏனென்றால் அவருக்கு அந்த நேரம் இரண்டு கையும் வேண்டும்.

அல்லாஹ் உன்னையும் மருமகனையும் கண் போலக் காக்கட்டும், உன் பிள்ளைக்குப் பூரண சுகத்தைத் தரட்டும், உன் நெஞ்சையும் உன் உம்மாவின் நெஞ்சையும் இளக வைக்கட்டும். வேலைக்குப் போக முன்னம் எதையாவது சாப்பிடு. முனீபிடம் என் ஸலாத்தைச் சொல். அஸருக்குப் பிறகு, மகள், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் வாப்பா
முத்தலிப்